உங்கள் தெருவில் எத்தனை மில்லிமீட்டர்? வீட்டில் மழைமானி வைக்கப் போகிறவர்களுக்கு

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் சென்னையை ஒட்டிய தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அதே நேரக்கணக்கில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. இரண்டுக்கும் இடையே மின்சார ரயிலில் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ஒரே நகரம், ஒரே இரவு, 20 செ.மீ. வித்தியாசம். இடையில் இருக்கும் நூற்றுக்கணக்கான தெருக்களில் எவ்வளவு பெய்தது என்பது, அங்கே யாராவது மானி வைத்து அளந்திருந்தால்தான் தெரியும். வீட்டில் மழைமானி வைக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. செய்தியில் வருவது வானிலை நிலையத்தில் பெய்த மழை. உங்கள் கிணற்றையும் சம்பையும் தோட்டத்தையும் நனைத்தது உங்கள் வீட்டு மழை.

செலவு பெரிதாக ஆகாது. ஆனால் நான்கு விஷயங்களில் கவனம் வேண்டும்: மானியின் கொள்ளளவு, வாயின் பரப்பு, வைக்கும் இடம், அளக்கும் நேரம். இவை சரியாக இருந்தால் வீட்டில் செய்த மானியே போதும். இவை தவறினால் விலை உயர்ந்த கருவியும் பொய்தான் சொல்லும்.

முதலில் மில்லிமீட்டரைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு சதுர மீட்டர் தரையில் பெய்த மழை ஓடாமல், ஊறாமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் எவ்வளவு ஆழம் நிற்கும்? அதுதான் மழையளவு. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு கணக்கு மனதில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

நம் ஊர் வானிலை அறிக்கைகளில் பெரும்பாலும் செ.மீ. வரும். 1 செ.மீ. என்பது 10 மி.மீ. வானிலை ஆய்வு மையக் கணக்கில் ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது ‘மழை நாள்’. 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.4 மி.மீட்டரைத் தாண்டினால் அதி கனமழை. ‘நேத்து பேய் மழை’ என்று தெருவே பேசும் பல மழைகள் மானியில் 20, 25 மி.மீட்டரில் நின்றுவிடும். அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. மாறாக, சத்தமே இல்லாமல் இரவெல்லாம் நசநசத்த மழை காலையில் 60 காட்டும். மானி வைத்த சில வாரங்களிலேயே இந்த இரண்டையும் பார்த்துவிடுவீர்கள்.

கிராமத்தில் ‘ஒரு உழவு மழை’, ‘ரெண்டு உழவு மழை’ என்பார்கள். ஏர் பிடிக்கும் அளவுக்கு மண் நனைந்ததா என்பதுதான் அதில் கேள்வி. உழவருக்கு அது சரியான அளவை. ஆனால் செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் அது ஒன்றாக இருக்காது. ஊர் விட்டு ஊர், வருடம் விட்டு வருடம் ஒப்பிட வேண்டுமென்றால் மில்லிமீட்டர்தான் வழி.

வாங்குவதானால் எது?

கடைகளிலும் இணையத்திலும் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

தோட்டத்தில் குச்சியோடு செருகி வைக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய் முதல் வகை. விலை குறைவு, பார்க்க அழகு. ஆனால் பலவற்றின் கொள்ளளவு 35, 40 மி.மீ.தான். நவம்பர் மாதத்து ஒரு மாலைக்குள் நிரம்பி வழிந்துவிடும். வழிந்த பிறகு 40 பெய்ததா 140 பெய்ததா என்று சொல்லவே முடியாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில் இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, புனலும் உள்ளே சேகரிக்கும் பாட்டிலும் தனியாக ஓர் அளவுக் குவளையும் கொண்ட கைமானி. அரசு வானிலை நிலையங்களில் பார்க்கும் நாரிழை (ஃபைபர்) மானி இந்த வகைதான். அதன் வாய்ப் பரப்பு 100 அல்லது 200 சதுர செ.மீ. புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே என் தேர்வு. பேட்டரி கிடையாது, கெட்டுப்போக எதுவும் கிடையாது. வாங்கும்போது ஒன்றை மட்டும் சோதியுங்கள்: குவளை அந்தப் புனலுக்கு உரியதுதானா? 100 சதுர செ.மீ. வாயில் 1 மி.மீ. மழை விழுந்தால் 10 மி.லி. சேரும், 200 சதுர செ.மீ. வாயில் 20 மி.லி. குவளை மாறிப்போனால் எல்லா அளவும் இரண்டு மடங்காகும், இல்லையேல் பாதியாகும். குவளை உடைந்து வேறொன்று வாங்கும்போதுதான் இந்தக் குழப்பம் அதிகம் நடக்கிறது.

மூன்றாவது, தானே பதிவு செய்யும் மின்னணு மானி. உள்ளே ஏற்ற இறக்கப் பலகை போல இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், மற்றொன்று மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் இத்தனை மி.மீ. என்று கணக்கு, பல கருவிகளில் 0.2 அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். எந்த நேரத்தில் எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பதை இது மட்டும்தான் சொல்லும். அது மதிப்புள்ள தகவல். குறை என்னவென்றால், அடைமழையில் கிண்ணம் சாய்ந்து திரும்பும் அந்தக் கணத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராது. கனமழையில் இது குறைத்தே காட்டும். உள்ளே சிலந்தி வலை பின்னினாலோ எறும்பு குடியேறினாலோ கிண்ணம் அசையாது. திரையில் பூஜ்யம் தெரியும், நீங்களும் மழையே இல்லை என்று நம்பிவிடுவீர்கள். ஆசை இருந்தால் வாங்குங்கள். ஆனால் பக்கத்தில் ஒரு கைமானியும் இருக்கட்டும். இரண்டும் முரண்பட்டால் கைமானி சொல்வதைக் கேளுங்கள்.

நாமே செய்வதானால்

முதலில், எதை வைத்து அளக்கக் கூடாது என்பது. வாளி வேண்டாம். மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருப்பதால், அகன்ற வாயில் விழுந்த மழை குறுகிய அடியில் உயரமாக நிற்கும். உள்ளபடி பெய்ததைவிட அதிகம் காட்டும். ‘ஒரே ராத்திரியில் அரை வாளி’ என்ற பேச்சை நம்ப முடியாததற்கு இதுதான் காரணம். வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழியும் அப்படித்தான். நேர்ச்சுவரான பாத்திரம் என்றால் சரி. டிபன் கேரியரின் நேரான அடுக்கை வெளியில் வைத்து, நின்ற தண்ணீரில் ஒரு ஸ்கேலைச் செருகினால் அன்றைய மழையின் தோராய அளவு கிடைத்துவிடும்.

நிரந்தரமாக வைக்க, எந்தக் கடைவீதியிலும் கிடைக்கும் பொருள்களே போதும். வீட்டுக் கழிவுநீருக்குப் போடும் 110 மி.மீ. பிவிசி குழாயில் ஓரடித் துண்டு, அதற்குள் உட்காரும் ஒரு பிளாஸ்டிக் புனல், ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று, எம்-சீல்.

குழாயின் ஒரு முனையை வெட்டும்போது கோணாமல் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து விளிம்பை ஒழுங்காக்குங்கள். அந்த முனைதான் மானியின் வாய். மறு முனைக்குள் புனலை இறக்கி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடையுங்கள். புனலுக்கு மேலே அரையடியாவது நேர்ச்சுவர் நிற்க வேண்டும். வெறும் புனலை மட்டும் வைத்தால் வேகமாக விழும் துளிகள் சரிவில் பட்டு வெளியே தெறித்துவிடும். புனலின் மூக்கை கேனின் வாயில் செருகி, இடைவெளியில் மழை புகாதபடி மூடுங்கள். காற்று வெளியேற ஊசி முனை அளவுக்கு ஒரு துளை மட்டும் விடுங்கள். அந்தத் துளை இல்லாவிட்டால் தண்ணீர் இறங்காமல் புனலிலேயே தேங்கும்.

இனி கணக்கு. வாயின் உள்விட்டத்தை அளங்கள். குழாயின் தடிமன் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 110 என்பது வெளிவிட்டம். இரண்டு மூன்று திசைகளில் அளந்து சராசரி எடுங்கள், ஏனென்றால் குழாய் கொஞ்சம் நசுங்கியிருக்கலாம். உள்விட்டம் 10.4 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 5.2. அதன் வர்க்கத்தை 3.14-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 85 சதுர செ.மீ. அப்படியென்றால் 8.5 மி.லி. தண்ணீருக்கு 1 மி.மீ. மழை. காலையில் கேனில் 340 மி.லி. இருந்தால் 340-ஐ 8.5-ஆல் வகுங்கள்: 40 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. பிசகினால் மழையளவில் ஏறக்குறைய 4 சதவீதம் பிசகும். அதனால் இந்த ஒரு அளவை மட்டும் நிதானமாக எடுங்கள். எடுத்ததும் கேன் மேலேயே அழியாத மையால் எழுதிவையுங்கள்.

இந்த அமைப்பில் ஐந்து லிட்டர் கேன் ஏறக்குறைய 588 மி.மீ. வரை தாங்கும். தாம்பரத்தின் அந்த 49 செ.மீ. இதில் அடங்கிவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த 95 செ.மீ. அடங்காது, அந்த மாதிரி மழையில் நடுவில் ஒருமுறை கேனை மாற்றத்தான் வேண்டும்.

மில்லிலிட்டரை அளக்க மருந்துக்கடை சிரிஞ்சும், ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் அளவுக் குவளையும் போதும். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் எளிது. கேனை முதலில் காலியாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கிராமும் ஒரு மி.லி.

வாங்கிய மானியையும் இதே கணக்கில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வாயின் பரப்பைக் கணக்கிட்டு, 20 மி.மீட்டருக்கு உரிய தண்ணீரை அளந்து ஊற்றினால் 20 காட்ட வேண்டும். 17 காட்டினால் அந்த அளவுகோலை நம்ப வேண்டாம். மேலே சொன்ன மில்லிலிட்டர் கணக்கிலேயே அளங்கள்.

எங்கே வைப்பது

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். விதி எளிது: பக்கத்தில் இருக்கும் சுவரோ மரமோ மானியின் வாயைவிட எவ்வளவு உயரமாக இருக்கிறதோ, அதைப்போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். நான்கு மடங்கு கிடைத்தால் மிக நல்லது. பத்தடி மதிலுக்கு இருபதடி தள்ளி. தென்னை மரத்தடி கூடவே கூடாது. மட்டை மழையை மறைக்கும். மழை நின்ற பின்னும் அதிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும்.

தனி வீடும் திறந்த முற்றமும் இருந்தால் தரையிலேயே வையுங்கள். அரசு நிலையங்களில் மானியின் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதற்கும் தாழ்த்தினால் தரையில் பட்டுத் தெறிக்கும் சேறும் தண்ணீரும் உள்ளே விழும். மிக உயர்த்தினாலும் கேடுதான். உயரம் கூடக் கூடக் காற்று வேகம் கூடும், துளிகள் வாயைத் தாண்டிப் பறந்துவிடும். நாம் செய்த மானி கேனோடு சேர்ந்து இரண்டடி உயரம் வரும். கேனின் ஒரு பகுதியைத் தொட்டிக்குள்ளோ மணலுக்குள்ளோ இறக்கிவைத்தால் உயரம் குறையும், ஆடவும் ஆடாது.

நகரத்தில் பலருக்கும் மொட்டை மாடிதான் கதி. கவலை இல்லை, நடுமாடியில் வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், ஏனென்றால் அங்கே தட்டையான இடம் இருக்கிறது. ஆனால் சுவரில் மோதி மேலெழும் காற்று மழையைத் தூக்கிக்கொண்டு போகும் இடமே அதுதான். சுவரின் உள்பக்க ஓரமும் வேண்டாம். சாய்ந்து வரும் மழையைச் சுவர் மறைத்துவிடும். தண்ணீர் டேங்க், சோலார் தகடு, படிக்கட்டு அறை ஆகியவற்றிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். பால்கனியிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டித் தொங்கவிடும் மானி எதையும் அளக்காது. அடுக்ககத்தில் இருப்பவர்கள் சங்கத்தில் கேட்டு மாடியில் ஒரு சதுர அடி இடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைக்கு மேலே கம்பியோ கேபிளோ போகிறதா என்றும் பாருங்கள். காக்கை உட்காரும் இடம் என்றால் அதன் எச்சமும் கொண்டுவந்து போடும் எலும்புத் துண்டும் புனலை அடைத்துவிடும்.

வைத்த பின் ரசமட்டத்தை வாயின் விளிம்பில் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பாருங்கள். கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியும் உதவும். மாடித் தளத்துக்கு எப்போதும் நீர் ஓட்டம் இருக்கும், அதனால் சிறு சாய்வு இருந்தே தீரும். அடியில் ஒரு ஓட்டுத் துண்டைச் செருகிச் சரிசெய்யுங்கள். புயல் காற்றுக்குத் தாங்கும்படி கேனைச் சுற்றிச் செங்கல் அடுக்கலாம். செங்கல் வரிசை வாயைவிட நன்றாகத் தாழ்ந்திருக்கட்டும்.

காலை எட்டரை மணி

இந்தியா முழுவதும் மழை காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. நீங்களும் அதையே பின்பற்றுங்கள். அப்போதுதான் உங்கள் எண்ணை மீனம்பாக்கத்தோடும் மதுரையோடும் ஒப்பிட முடியும். முந்தைய நாள் 8.30 முதல் இன்று 8.30 வரை பெய்தது இன்றைய தேதியில் எழுதப்படும். நவம்பர் 9 மாலையில் கொட்டிய மழை நவம்பர் 10-ஆம் தேதிக் கணக்கில் வரும். தொடக்கத்தில் இது குழப்பும்; நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டரைக்குள் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஏழு மணிக்கு அளக்கலாம். தினமும் அதே ஏழு மணியாக இருக்க வேண்டும், நோட்டிலும் அந்த நேரம் இருக்க வேண்டும்.

அளவுக் குவளையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். தண்ணீர் ஓரத்தில் சற்று ஏறியும் நடுவில் தாழ்ந்தும் நிற்கும். தாழ்ந்த நடுப்பகுதிதான் அளவு. நின்றபடி மேலிருந்து பார்த்தால் தவறாகவே தெரியும். குவளை ஒருமுறையில் போதாவிட்டால் பகுதி பகுதியாக ஊற்றி அளந்து, ஒவ்வொன்றையும் உடனே எழுதிக் கூட்டுங்கள். எழுதி முடிக்கும்வரை தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

கனமழையில் கேன் நிரம்பும் போலிருந்தால் நடுவிலேயே அளந்து காலி செய்து வைத்துக் காலை அளவோடு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இடி மின்னலின்போது மாடிக்குப் போகவே கூடாது. எண் போனால் போகட்டும்.

கோடையில் இன்னொரு கவனம். மே மாதம் மாலையில் பெய்த 3 மி.மீ. மறுநாள் காலைக்குள் கொஞ்சம் ஆவியாகிவிடலாம். குறுகிய மூக்குள்ள புனல் இதைப் பெருமளவு தடுக்கும். திறந்த பாத்திரம் தடுக்காது. மார்கழியில் மழையே இல்லாமல் புனலில் சில துளிகள் நிற்கும், அது பனி. ‘பனி’ என்றே எழுதுங்கள், மழையில் சேர்க்காதீர்கள்.

நோட்டு

தேதி, நேரம், மி.மீ., குறிப்பு என நான்கு கட்டம் போதும். மழை இல்லாத நாளுக்குப் பூஜ்யம் எழுதுங்கள். ஊருக்குப் போயிருந்தால் கட்டத்தைக் காலியாக விட்டு, திரும்பி வந்ததும் ‘மூன்று நாள் சேர்த்து 46’ என்று குறியுங்கள். பூஜ்யமும் காலியும் ஒன்றல்ல. வருடக் கடைசியில் கூட்டும்போது, வெறுமையாகக் கிடக்கும் நாள் மழை பெய்யாத நாளா அளக்காத நாளா என்று நினைவிலிருந்து சொல்ல எவராலும் முடியாது. தூறல் விழுந்து அளக்கும் அளவுக்குச் சேராவிட்டால் ‘தூறல்’ என்று எழுதினால் போதும்.

அளந்த தண்ணீரைத் தினமும் கொட்டிவிடுங்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்ட கேன் அதற்குப் போதும். வாரம் ஒருமுறை புனலில் இலை, வேப்பம்பூ, தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வலை போடுவதானால் பெரிய கண்ணுள்ளதாகப் போடுங்கள். மெல்லிய வலை துளிகளைத் தன்மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் 38 என்பார், உங்களுக்கு 22 வரும். இடிமழையில் இது சாதாரணம், உடனே கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் பருவமழை பரவலாகப் பெய்யும் நாள்களிலும், மாதக் கணக்கிலும், சுற்றியுள்ள எல்லா இடங்களையும்விட உங்கள் எண்ணே தொடர்ந்து குறைவாக இருந்தால் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

இந்த எண்ணை வைத்து

1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். 10 மி.மீ. மழை பெய்தால் அதில் விழுவது 930 லிட்டர். தளம் உறிஞ்சியதும் தெறித்ததும் போக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 740 லிட்டருக்குமேல் குழாய் வழியாக இறங்க வேண்டும். 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று எவரும் பார்த்ததில்லை. மானி இருந்தால் பார்க்கலாம். 20 மி.மீ. பெய்த காலையில் சம்பின் மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து, கணக்கோடு ஒப்பிடுங்கள். பாதிகூட வரவில்லை என்றால் எங்கோ அடைப்பு இருக்கிறது, அல்லது மாடித் தண்ணீர் வேறு வழியாகச் சாக்கடைக்குப் போகிறது.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு: ஒரு ஏக்கரில் 10 மி.மீ. மழை என்பது 40,000 லிட்டருக்குச் சற்று மேல். 12,000 லிட்டர் லாரி மூன்றுக்கு மேல். மோட்டார் போடலாமா வேண்டாமா என்பதை மண்ணின் மேல்பரப்பைப் பார்த்து முடிவு செய்வதற்குப் பதில், நோட்டில் கடந்த ஒரு வாரத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சாண் ஆழம் தோண்டி ஈரத்தைத் தொட்டுப் பாருங்கள். சில மாதங்கள் இப்படிச் செய்தால் எத்தனை மி.மீட்டருக்கு உங்கள் மண் எத்தனை நாள் ஈரம் தாங்குகிறது என்பது பிடிபட்டுவிடும்.

தொடங்க நல்ல நேரம் செப்டம்பர். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் இடம் தேர்ந்து, மட்டம் பார்த்து, வெப்பச் சலன மழை ஒன்றிரண்டில் கை பழக்கிக்கொள்ளலாம்.